சட்டம் படிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார்

ஒரே வருஷத்தில் என்னை நாலு முறை பெண் பார்க்க வந்தார்கள். முதல் மூன்று முறையும் வந்தது பொய் மாப்பிள்ளை வீட்டார். நாலாவது முறை பொய்யும் நிஜமும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் எதிரெதிரே நின்றன.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தொரு வயது. சங்கரன்கோவிலுக்குக் கொஞ்சம் வெளியே இருந்த ஒரு பருத்தி அரவை மில்லில் வேலை பார்த்தேன். பருத்தியில் கிடக்கும் சருகையும் குச்சியையும் பொறுக்கி எடுத்துவிட்டு, பருத்தியை மெஷினில் போடுவது எங்கள் வேலை. உள்ளூர்ப் பெண்கள் பாதி, பக்கத்து ஊரான கரிவலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பாதி. சாயங்காலம் வெளியே வரும்போது எல்லார் தலையும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும். யார் கிழவி, யார் குமரி என்று தலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கைப்பிள்ளை வைத்திருக்கிறவர்கள் மில் காம்பவுண்டுக்குள் இருந்த வேப்பமரத்தில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலைக்குள் வருவார்கள். பிள்ளை அழுதால் தாய்க்குத்தான் முதலில் கேட்கும். ஆனால் எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி தலையசைக்காமல் எழுந்து போக முடியாது. ஒருநாள் கரிவலத்து அக்கா ஒருத்தி, எட்டு மாசப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருந்தாள். எங்கிருந்தோ வந்த ஆடு ஒன்று தொட்டில் சேலையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஓட்டை வழியாகப் பிள்ளையின் ரெண்டு காலும் வெளியே தொங்குகிறது. பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறது. ஆடும் அசராமல் தின்றுகொண்டிருக்கிறது.

நாங்களும் சிரித்தோம். கரிவலத்து அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்கு ஆடு. நாளைக்கு நாய் வரும். அப்பவும் சிரிப்பீயளா?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீலம்மா எங்கள் ஊர்ப் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கதர்ச் சேலை, கையில் பெரிய பை. வேலை பார்க்கிறவர்களுக்குச் சட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பார். வாசுதேவநல்லூரில் அப்படி ஒரு கூட்டம் நடந்ததைக் கேள்விப்பட்டு, கரிவலத்து அக்கா அவருக்குக் கடுதாசி போட வைத்தாள். எழுதியது நான். எங்களில் எட்டாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான்.

முதல் கூட்டத்தைப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்தோம். ஆறு பேர்தான் வந்தோம். வக்கீலம்மா பேச ஆரம்பிப்பதற்குள் எதிரே பெட்டிக்கடையில் மேஸ்திரி வந்து நின்றார். சோடா ஒன்றை வாங்கி அரைமணி நேரம் குடித்தார். குடித்துக்கொண்டே ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தார். மறுநாள் காலையில் ஆறு பேரையும் பருத்திக்கொட்டை கொட்டுகிற தூசி மூலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் தும்மிக்கொண்டே இருந்தோம்.

ஏழாம் நாள் சாயங்காலம் கரிவலத்து அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி, உனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகலையே" என்றாள்.

"அதுக்கென்ன?"

"பொண்ணு பாக்க வெளியூர்க்காரங்க வந்தா யாரு கேப்பா? அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க கூடி உக்காந்தா யாரு கேப்பா? கதவைச் சாத்திப் பேசுனாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என் அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆனது. அப்பா இறந்து அப்போது ஐந்து வருஷம். எனக்கு மாப்பிள்ளை தேட அம்மாவுக்கு ஆள்பலம் இல்லை. பொய்க்காவது ஒரு மாப்பிள்ளை வீட்டார் வாசல் ஏறி வரட்டுமே என்று கடைசியில் நினைத்தாளோ என்னவோ, "கேசரிக்கு ரவை யாரு வாங்குவா?" என்று கேட்டாள். அதுதான் சம்மதம்.

வக்கீலம்மா மாப்பிள்ளையின் தாயாராக வந்தார். மாப்பிள்ளையாக வந்தது அவருடைய குமாஸ்தா. நல்ல மனுஷன். முன்மண்டையில் முடி இல்லை. கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள். வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்ததிலிருந்து என் பக்கம் திரும்பவே இல்லை. நிஜ மாப்பிள்ளைக்கும் அவ்வளவு வெட்கம் வராது. நான் காபி கொடுத்தபோது "தேங்க்ஸ் தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். ஜன்னலோரம் எதிர்வீட்டுப் பூக்கார அத்தை நிற்பதைப் பார்த்த அம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

கதவைச் சாத்தியதும் வக்கீலம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பழுப்பு அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. அதில் தொழிற்சாலைச் சட்டத்தை எங்களுக்குப் புரிகிற தமிழில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குத் தனியாகக் கக்கூஸ், வாரத்தில் ஒருநாள் லீவு என்று ஒவ்வொன்றாகப் படித்தார். கக்கூஸ் என்றதும் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு மில்லின் பின்னால் இருந்த உடைமர முள்காடுதான். சட்டத்தில் இதெல்லாமா எழுதியிருப்பார்கள் என்று ஒரு பாட்டி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வந்தவர்கள் போனதும் பூக்கார அத்தை வந்துவிட்டாள். "என்ன ஆச்சு?"

"ஜாதகம் பொருந்தலையாம்" என்றாள் அம்மா.

ரெண்டாவது முறை வக்கீலம்மா முக்காடு போட்டுக்கொண்டும், குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டும் வந்தார்கள். வேறு ஆட்களாகக் காட்ட வேண்டுமே. கண்ணாடி இல்லாத குமாஸ்தா எங்கள் வாசல்படி தெரியாமல் தடுக்கி, வரவேற்க நின்ற அம்மாவின் காலிலேயே விழுந்தார். "பையன் ரொம்ப மரியாதைக்காரன்" என்று பூக்கார அத்தை தெருவெல்லாம் சொன்னாள். அவனையும் நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில் அவளுக்கு எங்கள் மேல் கோபம்.

மூன்றாவது முறை மீசையை எடுத்துவிட்டு வந்தார். அவர் வீட்டுக்காரி ரெண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். அன்றைக்கும் அத்தை விடவில்லை. "போன தடவை வந்தவன் ஜாடையாவே இருக்கானே" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "அவரு தம்பி" என்று சொல்லிவிட்டேன். அண்ணனை வேண்டாம் என்ற வீட்டுக்குத் தம்பியைக் கூட்டி வருகிறார்களே, எவ்வளவு தங்கமான குடும்பம் என்று அத்தை கண்கலங்கிப் போனாள்.

அந்த மூன்றாவது கூட்டத்தில்தான் வக்கீலம்மா பிள்ளைகளைப் பற்றிய பக்கத்துக்கு வந்தார். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில், அவர்களுடைய ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு தனி அறை வேண்டும். பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளை வேண்டும். தாய் போய்ப் பால் கொடுக்க நேரம் விட வேண்டும்.

கரிவலத்து அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாங்க நாப்பதுக்கு மேல இருக்கோமே."

"நான் விசாரிச்சேன். உங்க மில் ரிஜிஸ்டர்ல இருபத்தெட்டு பேர்தான் இருக்கு" என்றார் வக்கீலம்மா. "தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தப்பவும் இருபத்தெட்டு பேர்தான் இருந்திருக்கீங்க."

எனக்கு மெல்ல விளங்கியது. வருஷத்தில் ஒருநாளோ ரெண்டு நாளோ மேஸ்திரி திடீரென்று சிரித்த முகத்தோடு வருவார். "நீங்க ஒரு பதினாலு பேரு பின்வாசல் வழியா போயி அம்மனைக் கும்பிட்டுட்டு சாயங்காலம் வாங்க, முதலாளி சொல்லுதாரு" என்பார். நாங்கள் கோமதி அம்மன் சன்னதிக்குப் போய் முதலாளி குடும்பம் நல்லா இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு, தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு வருவோம். அவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொள்வோம். அதெல்லாம் இன்ஸ்பெக்டர் வந்த நாட்கள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் ஏமாற்றினார்களே என்பதற்கு வந்த கோபமில்லை. ஏமாற்றியவருக்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டோமே என்பதற்கு வந்த கோபம். பக்கத்தில் இருந்தவள், "நான் தேங்காய் வேற உடைச்சேன்" என்றாள்.

ஆனால் நாற்பது பேர் என்று எப்படி நிரூபிப்பது? நாங்கள் சொன்னால் மேஸ்திரி இல்லை என்பார். ரிஜிஸ்டரும் இல்லை என்கிறது. அடுத்த முறை யோசிப்போம் என்று கலைந்தோம்.

இதற்கிடையில் எங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்திருந்தது. பூக்கார அத்தை தினமும் காலையில் முதலாளி வீட்டுக்குப் பிச்சிப்பூ கொடுக்கப் போவாள். அங்கே என் கதையைச் சொல்லியிருக்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை, மூன்று பேர் வந்து மூன்றும் தட்டிப்போய்விட்டது, மில்லில்தான் வேலை பார்க்கிறது என்று. முதலாளியம்மா இரக்கமுள்ள மனுஷி. தீபாவளிக்கு எங்கள் எல்லாருக்கும் சேலை எடுத்துக் கொடுப்பது அவர்தான். கடைக்குப் போய்த் தானே ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பார். என் கதையைக் கேட்டு, புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் எடை போடுகிற ஒரு பையனை எனக்காகவே தேடிப் பிடித்திருக்கிறார். திடீரென்று போய் எங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்து, சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

நாலாவது கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. உள்ளே இருபது பெண்கள். வக்கீலம்மா நோட்டைத் திறந்து வைத்திருக்கிறார். குமாஸ்தா மீசை பாதி வளர்ந்த நிலையில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார். தெருவில் கார் சத்தம். எங்கள் தெருவில் கார் வருவது அரிது. ஜன்னல் வழியாகப் பார்த்த அம்மா, "முதலாளியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஒருத்தி நோட்டைப் பிடுங்கிப் பாய்க்கு அடியில் தள்ளினாள். கதவு திறந்தது. முதலாளியம்மா, அவர் பின்னால் தாம்பாளத்தில் பழத்தோடு ஒரு அம்மாள், அந்த அம்மாளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒரு பையன். வாசலுக்கு வெளியே பூக்கார அத்தை. அத்தை முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதலாளியம்மா உள்ளே பார்த்தார். தன் கணவர் மில்லில் வேலை பார்க்கிற பெண்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். நடுவில் ஒரு மாப்பிள்ளை, கையில் பஜ்ஜி.

"இவங்க யாரு?" என்றார்.

"பொண்ணு பாக்க வந்திருக்காங்க" என்றாள் அம்மா.

புளியங்குடி அம்மாள் தாம்பாளத்தைக் கீழே வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். வக்கீலம்மாதான் சுதாரித்துக்கொண்டார். "நாங்க பாத்தாச்சு. எங்களுக்குத் தோதுப்படலை. நீங்க பாருங்க" என்று எழுந்தார். அவர் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு நிமிஷம் மனசு கஷ்டமாகிவிட்டது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வக்கீலம்மா எழுந்ததும் பாய் லேசாக மடங்கியது. கரிவலத்து அக்காவின் பிள்ளை தவழ்ந்து போய் நோட்டை உருவி எடுத்தது. எடுத்து நேராக முதலாளியம்மா காலடியில் கொண்டுபோய்ப் போட்டது. அவர் குனிந்து எடுத்து அட்டையைப் படித்தார். "தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளருக்கானது" என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்வதில் அந்த வருஷம் நான் நன்றாகத் தேறியிருந்தேன். மாப்பிள்ளைக்குத் தம்பி உண்டாக்கியவளுக்கு நோட்டுக்கு ஒரு கதை சொல்லத் தெரியாதா? ஆனால் எனக்காக மாப்பிள்ளை தேடிக் கூட்டிவந்த மனுஷியின் முகத்துக்கு நேரே எனக்குப் பொய் வரவில்லை.

"அம்மா, இவங்க வக்கீலம்மா. பொண்ணு பாக்க வரலை. எங்களுக்குச் சட்டம் சொல்லித்தர வந்திருக்காங்க" என்றேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சா வேலை போயிருமேன்னு மறைச்சிட்டோம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பாயில் உட்கார்ந்தார். "என்ன சட்டம்? படிங்க, நானும் கேக்கேன்" என்றார்.

வக்கீலம்மா உட்கார்ந்து பிள்ளைகளுக்கான பக்கத்தைப் படித்தார். முப்பது பெண்களுக்கு மேல் என்று வந்த இடத்தில் நிறுத்தி, "ஆனா உங்க மில்லுல இருபத்தெட்டு பேர்தான்னு ரிஜிஸ்டர் சொல்லுது" என்றார்.

"இருபத்தெட்டா?" என்று கேட்டார் முதலாளியம்மா. விரலை மடக்கினார். "தீபாவளிக்கு நான் நாப்பத்திரெண்டு சேலைல்லா எடுத்தேன். அவருதான் காருல வச்சுக் கொண்டுபோயி குடுத்தாரு."

"ரிஜிஸ்டர்ல இருபத்தெட்டுதான்" என்றார் வக்கீலம்மா மறுபடியும்.

முதலாளியம்மா மறுபடியும் விரல் விட்டுக் கழித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ மீதிப் பதினாலு சேலையை எவ கட்டுதா?"

நாங்கள்தான் கட்டுகிறோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். கரிவலத்து அக்கா என் தொடையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளல் ஒரு வாரம் நீலமாக இருந்தது. நான் சொல்லவே இல்லை. முதலாளியம்மா எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டார். கூட்டி வந்த புளியங்குடிக்காரர்களையும் மறந்துவிட்டார். அவர்களை அம்மா உட்காரவைத்துக் கேசரி கொடுத்தாள்.

அந்த வீட்டில் அன்றைக்கு என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் மில்லுக்குள் வந்தது. முதலாளியம்மா இறங்கினார். முதலாளியும் இறங்கினார், ராத்திரி தூங்காத முகத்தோடு. மெஷினை நிறுத்தச் சொன்னார். எங்கள் எல்லாரையும் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்தார்கள். முதலாளியம்மா ஒவ்வொருத்தி தோளையும் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். தீபாவளிச் சேலை என்ன கலர் என்றும் கேட்டார். பச்சை, அரக்கு, மாம்பழக் கலர் என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

கடைசி ஆளை எண்ணி முடித்ததும் முதலாளி ஒரு பெருமூச்சு விட்டார். "பாத்தியா? நாப்பத்திரெண்டு பேரும் இங்கனதான் இருக்காங்க. எத்தனையோ வருஷமா இங்கனதான் வேலை பாக்காங்க. இனியாவது நம்புதியா?" என்றார்.

பருத்தி வாங்க வந்திருந்த ரெண்டு வியாபாரிகளும், மேஸ்திரியும், ஆபீஸ் கணக்குப்பிள்ளையும் அதைக் கேட்டார்கள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். முதலாளிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் முதலாளியம்மா வேப்பமரத்துத் தொட்டில்களைப் பார்த்துவிட்டார். "நாப்பத்திரெண்டு பேருன்னா பிள்ளைகளுக்கு ரூம் கட்டணும்லா. அந்த நோட்டுல அப்படித்தானே இருந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்த வாரமே வக்கீலம்மா இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினார். நாற்பத்தொரு பேர் கைநாட்டு வைத்தார்கள், நான் மட்டும் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்தார். அன்றைக்கு யாரையும் கோவிலுக்கு அனுப்ப மேஸ்திரிக்கு நேரம் கிடைக்கவில்லை.

அறை வந்தது. புதிதாகக் கட்ட மனசு வராமல், ஆபீசை ஒட்டி இருந்த சாமான் அறையை வெள்ளையடித்து, ஜன்னல் வைத்து, இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார் முதலாளி. ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருந்தால் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வசதி என்று நினைத்தார். டெலிபோன் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது என்பதை மறந்துவிட்டார். விருதுநகரிலிருந்து வியாபாரி டிரங்கால் போட்டுப் பருத்தி விலை கேட்கிற நேரமாகப் பார்த்து ஒன்பது பிள்ளைகளும் சேர்ந்து அழும். "அண்ணாச்சி, வீட்டுல விசேஷமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்களாம். மூன்று மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முதலாளி தன் மேஜையையும் டெலிபோனையும் தூக்கிக்கொண்டு குடோன் பக்கம் போய்விட்டார். அறையை மாற்ற முடியாது, கையெழுத்தாகிவிட்டதே.

கக்கூஸ் கட்ட இன்னும் ஒரு வருஷம் இழுத்தடித்தார்கள். அந்தச் சண்டையில் சிரிக்க ஒன்றும் இல்லை. மேஸ்திரி கடைசிவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மனு போட்ட பிறகு கூட்டங்களைத் திறந்த வாசலோடு பள்ளிக்கூட வராந்தாவிலேயே வைத்தோம். முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். பயந்துவிட்டார்களோ என்று வக்கீலம்மா கவலைப்பட்டார். விசாரித்தபோது, கேசரி கிடையாதாம் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். அடுத்த முறையிலிருந்து அம்மா ஒரு சட்டி கிண்டிக்கொண்டு வந்தாள்.

புளியங்குடிப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு முதலாளியம்மா போனபிறகு அவன் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அமைதியான முகம், எலுமிச்சை மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய கை. அவன் என்னைச் சரியாகப் பார்த்தானா என்பதே எனக்குத் தெரியாது. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "மண்டிக்காரங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்குதா?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டான். அவர் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான், அவனுக்கு நான் பாயில் உட்கார்ந்திருப்பதே மறந்துபோனது. அவன் அம்மா கிளம்பும்போது என் அம்மாவிடம், "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப வெவரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மாசம் கழித்துப் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு அவன் வந்தான், கூடச் சுமை தூக்குகிற ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. முன்வரிசையில் உட்கார்ந்தான். முடிந்ததும் என்னிடம் வந்து, "நோட்டு ஒங்ககிட்டத்தான் இருக்குன்னாங்க. பாத்து எழுதிட்டுத் தாரேன்" என்றான். கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து நோட்டு திரும்பி வந்தது, மஞ்சள்பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு. அம்மா அதை ரெண்டு ஜாடியில் ஊறுகாய் போட்டாள். அந்த ஊறுகாய் மாசக்கணக்கில் வந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, அவன் மறுபடி எப்போது நோட்டுக் கேட்பான் என்று என்னிடம் கேட்பார்கள்.